மஞ்சள் பொத்தானை அழுத்தும் தூதர்களுக்கு



ஐக்கிய நாடுகள் அவையின் வாக்குப் பலகையில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, விலகி நிற்பதற்கு மஞ்சள். மஞ்சளைத் தேர்ந்தெடுத்துப் பழகிய நாடுகளின் பிரதிநிதிகளுக்கு இந்த மடல். சிவப்பை அழுத்துகிறவர்களிடம் இப்போது நான் வாதிடவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் முடிவு செய்யாதவர்கள், அல்லது முடிவு செய்யாதிருப்பதே நல்லது என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்த சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் நடந்த வாக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 31 நள்ளிரவில் தம் பதவிக்காலம் முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, மனித உரிமைகளுக்கான உயர் ஆணையர் மிஷேல் பச்செலெட் சின்ஜியாங் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். உய்குர் மக்களும் பிற இஸ்லாமியச் சமூகத்தவரும் அங்கே பெருந்தொகையில் அடைத்து வைக்கப்பட்டது மானுடத்துக்கு எதிரான குற்றமாக அமையலாம் என்றது அறிக்கை. அதை வைத்து அடுத்த அமர்வில் ஒரு விவாதம் நடத்தலாம் என்பதே பேரவை முன் வந்த கோரிக்கை. கண்டனம் கேட்கவில்லை, தடை கேட்கவில்லை, விசாரணைக் குழுகூடக் கேட்கவில்லை. பேசலாமா என்று மட்டும் கேட்டார்கள். ஆதரவு 17, எதிர்ப்பு 19, விலகல் 11. விலகியவர்களில் இந்தியா, பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, மலேசியா, காம்பியா உண்டு. படையெடுப்புக்கு ஆளாகி ஏழு மாதமே ஆகியிருந்த உக்ரைனும் உண்டு. அந்தப் பதினொருவரில் மூவர் பச்சையை அழுத்தியிருந்தால் விவாதம் நடந்திருக்கும். அன்று முடிவைத் தீர்மானித்தவர்கள் எதிர்த்தவர்கள் அல்லர், விலகியவர்கள்.

விலகி நிற்பது ஏன் என்று கேட்டால் உங்கள் அரசுகள் சொல்லும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாடு தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பது அதன் உள்விவகாரம். நாடுகளுக்கிடையிலான அமைதியும் பாதுகாப்பும் வேறு விஷயம். முதலாவதில் தலையிட்டால் இரண்டாவது கெடும். இந்தப் பிரிவினையே பிழை என்கிறேன். ஓர் அரசு தன் மக்களின் வாயை அடைக்கும்போது, தன் கையைப் பிடித்துத் தடுக்கக்கூடிய ஒரே உள்நாட்டுச் சக்தியையும் அகற்றிவிடுகிறது. பிறகு அது எல்லைக்கு வெளியே எதைச் செய்யத் துணிந்தாலும், வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்குள் ஆள் இருக்காது. அண்டை நாட்டின் சிறைகளில் நடப்பது உங்கள் எல்லைப் பாதுகாப்பைப் பற்றிய செய்தியும்கூட.

ரஷ்யாவைப் பாருங்கள். 1994இல் போரிஸ் யெல்ட்சின் செச்னியாவுக்குள் படையை அனுப்பினார். அந்தப் போர் கொடூரமானது. ஆனால் அது மறைக்கப்படவில்லை. என்டிவி என்ற தனியார் தொலைக்காட்சி குரோஸ்னியின் இடிபாடுகளையும் பிணங்களையும் மாலைச் செய்தியில் காட்டியது. சிப்பாய்களின் தாய்மார்கள் குழுவைச் சேர்ந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போர்முனைக்கே போனார்கள். 1996இல் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்த யெல்ட்சினால் மக்களின் வெறுப்பைப் புறந்தள்ள முடியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹசாவ்யூர்ட் உடன்பாட்டோடு போர் நின்றது. மிகவும் குறைபட்ட ஒரு மக்களாட்சிதான் அது. ஆனாலும் அதில் ஒரு தடைக்கட்டை இருந்தது, அது பிடித்தது.

அந்தத் தடைக்கட்டை பின்னர் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டது. 2001இல் என்டிவி அரசு சார்ந்த காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. செச்னியாவைப் பற்றி விடாமல் எழுதிய அன்னா பொலித்கோவ்ஸ்கயா 2006 அக்டோபரில் தன் குடியிருப்பின் மின்தூக்கியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012இல் ‘அயல்நாட்டு முகவர்’ சட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அரசை எதிர்த்துவந்த அலெக்ஸி நவால்னி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், படைகளைப் பற்றி எந்தெந்தத் தகவலைத் திரட்டினால் ஒருவர் அயல்நாட்டு முகவராக அறிவிக்கப்படலாம் என்று உளவு அமைப்பு ஒரு நீண்ட பட்டியல் வெளியிட்டது. அதைப் பார்த்த பீட்டர்ஸ்பர்க் தாய்மார்கள் அமைப்பு, இனிச் சிப்பாய்களின் உரிமை குறித்து வேலை செய்ய முடியாது என்று அறிவித்துவிட்டது. டிசம்பர் 28 அன்று, ஸ்டாலின் காலத்துக் கொலைகளை ஆவணப்படுத்தி வந்த ‘மெமோரியல்’ அமைப்பைக் கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோவியத் ஒன்றியத்தைப் பயங்கரவாத அரசாகச் சித்திரிக்கிறது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. இவை ஒவ்வொன்றும் நடந்தபோது உங்களில் பெரும்பாலோர் இதை ரஷ்யாவின் உள்விவகாரம் என்றே எடுத்துக்கொண்டீர்கள். மெமோரியல் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் நிறைவதற்குள் டாங்கிகள் உக்ரைனுக்குள் நுழைந்தன.

அதற்கு மூன்று நாள் முன்பு, 2022 பிப்ரவரி 21 அன்று, கிரெம்ளினில் நடந்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். விளாதிமிர் புதின் ஒவ்வொருவராக எழுப்பிக் கருத்துக் கேட்டார். அயல்நாட்டு உளவுத்துறையின் தலைவரே என்ன சொல்வதென்று தடுமாறி, தவறான விடை சொல்லி, திருத்தப்பட்டு, உட்கார்ந்தார். அணு ஆயுதங்கள் வைத்திருக்கும் ஒரு நாட்டில், போரா அமைதியா என்ற கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. தெருவில் சொல்லக்கூடியவர்கள் ஏற்கெனவே சிறையிலோ நாட்டுக்கு வெளியிலோ கல்லறையிலோ இருந்தார்கள். போர் தொடங்கி எட்டே நாளில், படைகளைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டமும் வந்தது. அடக்குமுறையும் படையெடுப்பும் இரண்டு தனிக் கதைகள் என்று இதன் பிறகும் சொல்ல முடியுமா?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மக்களாட்சிகளும் போர் தொடுக்கவில்லையா? 2003இல் இராக்குக்குள் புகுந்தவர்கள் யார்? உண்மைதான். அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று லண்டனிலும் ரோமிலும் தெருவில் இறங்கிய இலட்சக்கணக்கானோரால் அதைத் தடுக்க முடியவில்லை. மக்களாட்சியில் தடைக்கட்டை எப்போதும் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, சில முறை பிடிக்கிறது என்கிறேன். அபு கிரைப் சிறையின் படங்களை உலகுக்குக் காட்டியது அமெரிக்க ஊடகம். இராக் போரை எதிர்த்ததைச் சொல்லியே ஒருவர் அங்கே குடியரசுத் தலைவராகவும் வர முடிந்தது. உக்ரைனின் புச்சாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை மாஸ்கோவின் எந்தத் தொலைக்காட்சியும் அப்படிக் காட்ட முடியாது. அதுபோல, அடக்குமுறை அரசுகள் எல்லாமே அண்டை நாட்டின் மேல் பாய்கின்றன என்றும் சொல்லவில்லை. பாய நினைக்கும் நாளில் தடுக்க ஆளில்லை என்பதே என் வாதம்.

இந்த அரசுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெலாரஸில் 2020 ஆகஸ்டில் தேர்தல் முறைகேட்டை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். மாஸ்கோவின் ஆதரவோடு அலெக்சாண்டர் லுகஷென்கோ அவர்களை அடித்து ஒடுக்கினார். அதுவும் உள்விவகாரமாகத்தான் பார்க்கப்பட்டது. 2021 மே மாதம் ஏதென்ஸிலிருந்து வில்னியஸுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானத்தை வழிமறித்து மின்ஸ்கில் இறக்கி, அதிலிருந்த இளம் பத்திரிகையாளரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கீவ் நகரை நோக்கிய ரஷ்யப் படை புறப்பட்டது பெலாரஸ் மண்ணிலிருந்துதான். அந்தத் தெருப் போராட்டம் வென்றிருந்தால் கீவுக்கு வடக்கே அந்த வழி திறந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். 2022 அக்டோபரில் கீவ் மேல் விழுந்த ஷாஹெத் டிரோன்கள் ஈரானில் வடிவமைக்கப்பட்டவை. அதே வாரங்களில் ஈரானின் தெருக்களில், காவலில் நேர்ந்த மாசா அமினியின் மரணத்துக்கு நீதி கேட்ட பெண்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2024இல் வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏன் அனுப்புகிறாய் என்று அவர்களின் தாய்மாரால் கேட்க முடியாது.

சீனாவின் கதை வேறு. அது அப்படியொரு படையெடுப்பைத் தொடங்கவில்லை; ரஷ்யாவோடு ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது. ஆனால் ஹாங்காங்கை நினைத்துப் பாருங்கள். 1984இல் பிரிட்டனோடு சீனா செய்த கூட்டறிக்கை ஐ.நா.வில் பதிவான ஓர் ஒப்பந்தம். 1997க்குப் பின் 50 ஆண்டுகள் அந்நகரின் வாழ்முறை மாறாது என்றது அது. 2017இல் சீன வெளியுறவுத் துறை அதை நடைமுறை முக்கியத்துவம் இழந்த வரலாற்று ஆவணம் என்றது. 2020 ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கத் தங்களுக்குள் முன்தேர்தல் நடத்திய 47 பேர் வழக்கில் மாட்டினார்கள். 2023இல் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட செயற்பாட்டாளர்களின் தலைக்கு 10 இலட்சம் ஹாங்காங் டாலர் விலை வைக்கப்பட்டது. மனித உரிமை மீறல் என்று மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும். கையெழுத்திட்ட ஒப்பந்தம் வசதிப்படாதபோது காகிதமாகிவிடும் என்பது மறுபாதி. தென்சீனக் கடலில் சீனாவின் வரலாற்று உரிமைக் கோரிக்கைக்குச் சட்ட ஆதாரமில்லை என்று 2016 ஜூலை 12 அன்று நடுவர் தீர்ப்பாயம் சொன்னபோதும் பெய்ஜிங் அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு நிற்பதும் விழுவதும் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் சொந்தக் கடலின் கேள்வி. ஆனால் சின்ஜியாங் விவாதத்தில் மலேசியா விலகியது, இந்தோனேசியா எதிர்த்தது. சட்டத்தைத் தவிர வேறு கேடயமில்லாத நாடுகள், சட்டம் பற்றிய பேச்சையே மூடிவைக்க உதவியிருக்கின்றன.

இறையாண்மை என்ற வாதத்துக்கு வருகிறேன். காலனியாட்சியின் கீழ் வாழ்ந்த நாடுகளுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். ‘நாகரிகப்படுத்துகிறோம்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை அவை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் இறையாண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை ஐ.நா.வின் தொடக்க நாட்களிலேயே எதிர்த்தவர்கள் யார்? 1946இல், தான் இன்னும் விடுதலை அடையாத நிலையிலேயே, தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் ஒடுக்கப்படுவதை இந்தியா பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. அந்த மக்களின் முன்னோர் 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். அவர்களில் தமிழர் ஏராளம். இது எங்கள் உள்விவகாரம், ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் பிரிவே தலையிடக் கூடாதென்கிறது என்று வாதிட்டார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு அதை மறுத்து நின்றது. டிசம்பர் 8 அன்று 32 நாடுகள் ஆதரிக்க, 15 எதிர்க்க, 7 விலக, தீர்மானம் நிறைவேறியது. நிறவெறிக்கு எதிரான நீண்ட போராட்டத்தில் ஐ.நா. எடுத்து வைத்த முதலடி அது. உங்களில் பலர் இன்று எடுத்துக்காட்டும் வாதம் அன்று ஸ்மட்ஸின் வாதம். உங்கள் முன்னோடிகளுடையது அல்ல.

தமிழ் வாசகர்களுக்கு ‘உள்விவகாரம்’ என்ற சொல்லோடு இன்னொரு பழக்கமும் உண்டு. 2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், இதே மனித உரிமைப் பேரவை இலங்கை அரசின் நடவடிக்கைகளை வரவேற்றும் உள்விவகாரத்தில் தலையிடாமைக் கொள்கையை வலியுறுத்தியும் ஒரு தீர்மானத்தை 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்தது, 6 நாடுகள் விலகின. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது இரண்டு ஆண்டு கழித்து. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, 2014இலும் 2021இலும் 2022இலும் விலகியது. தனியொரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்கள் உதவாது என்பது தன் நீண்டகாலக் கொள்கை என்று சின்ஜியாங் வாக்கெடுப்புக்குப் பின் அதே இந்தியா விளக்கம் தந்தது. 2012இல் விலக்குக்கு இடம் கொடுத்த கொள்கை 2022இல் ஏன் இடம் கொடுக்கவில்லை என்று கேட்கும் உரிமை அதன் குடிமக்களுக்கு உண்டு.

உங்கள் வாதங்களில் எனக்கு மிகக் கனமாகத் தெரிவது மேற்கின் இரட்டை அளவுகோல். உக்ரைனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் காஸாவில் குண்டுகள் விழுந்தபோது இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உலகக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்குப் பிடியாணை தந்தபோது பாராட்டிய வாஷிங்டன், பெஞ்சமின் நெதன்யாகுவுக்குத் தந்ததற்காக அந்நீதிமன்றத்தின் அதிகாரிகள் மீதே தடை விதித்தது. 2025 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்பின் மூன்றாம் ஆண்டு நிறைவில் பொதுச்சபை உக்ரைனை ஆதரித்து வாக்களித்தபோது, ரஷ்யாவோடும் பெலாரஸோடும் வடகொரியாவோடும் சேர்ந்து அமெரிக்கா எதிர்த்து வாக்களித்தது. இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. காவல்காரர் ஓரவஞ்சனை செய்கிறார் என்றால், சட்டமே வேண்டாம் என்று ஊர் கலைந்து போவதா, ஊரே காவலை எடுத்துக்கொள்வதா? அமெரிக்கா பேரவையை விட்டு இரண்டு முறை வெளியேறிவிட்டது. இனி மனித உரிமை என்பது வாஷிங்டனின் கருவி என்ற பழைய சாக்கும் பொருந்தாது. காஸாவுக்காக 2023 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய தென்னாப்பிரிக்கா செய்தது பெரிய காரியம். 2022 மார்ச்சில் உக்ரைனுக்காகவும் அது பச்சையை அழுத்தியிருந்தால், அந்தக் கதவுத் தட்டலை யாராலும் ஒருதலைப்பட்சம் என்று தள்ளியிருக்க முடியாது. அந்த வாக்கெடுப்பில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35.

அரிசியும் எரிபொருளும் உரமும் ஆயுதமும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துத்தானே வாக்களிக்க முடியும் என்பீர்கள். ஏழை நாட்டின் தூதரிடம் அறத்தை மட்டும் பேசுவது எளிது. விலையை அவருடைய மக்கள்தான் கொடுக்க வேண்டும். 2020இல் கோவிட் தோற்றம் குறித்து விசாரணை கேட்ட ஆஸ்திரேலியாவின் பார்லிக்குச் சீனா 80 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. வேறு சந்தை தேடிக்கொண்டு ஆஸ்திரேலியா தாக்குப்பிடித்தது, 2023இல் அந்த வரி நீங்கியது. எல்லா நாட்டுக்கும் அந்த வசதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலகி நின்றவர்களுக்கு விலை வரவில்லையா? 2014 மார்ச்சில் ரஷ்யா கைப்பற்றிய கிரீமியா குறித்த பொதுச்சபைத் தீர்மானத்தில் 58 நாடுகள் விலகின. அந்த மென்மையான பதிலின் எட்டாண்டுப் பலன்தான் உக்ரைன் படையெடுப்பு; அதையடுத்து 2022 மார்ச்சில் உலக உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. கருங்கடல் கோதுமையை நம்பியிருந்த எகிப்திலும் லெபனானிலும் ரொட்டியின் விலையில் அது தெரிந்தது. தனியாக நிற்க அஞ்சினால் சேர்ந்து நில்லுங்கள். பழிவாங்கும் வரி ஒரு நாட்டின் மேல் விழும். ஒரே வாசகத்தோடு இருபது நாடுகள் வந்தால் இருபதின் மேலும் போட முடியாது.

சிறிய நாடுகளால் முடியாது என்பதற்கு மறுமொழி காம்பியா. 22 ஆண்டு யாஹ்யா ஜமேயின் சர்வாதிகாரத்திலிருந்து 2017இல் மீண்ட, ஏறக்குறைய 25 இலட்சம் பேர் மட்டுமே வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடு அது. ருவாண்டா படுகொலை தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்திய அனுபவமுள்ள அதன் அன்றைய சட்ட அமைச்சர் அபுபக்கர் தம்படு, மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்களின் முகாம்களுக்கு நேரில் போய்வந்தார். 2019 நவம்பரில் காம்பியா மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2020 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால ஆணை தந்தார்கள். மியான்மரின் அண்டை நாடுகள் எதுவும் செய்யாததை அது செய்தது. அதே காம்பியா சின்ஜியாங் விவாதத்தில் மஞ்சளை அழுத்தியது எனக்கு வருத்தம் தந்த செய்தி. துணிவு அதற்கு இல்லாமலில்லை. துணை இருந்ததா என்பதுதான் கேள்வி.

விலகி நின்றால் பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்திருக்கும் என்ற வாதம் ஒன்று மிச்சம். மியான்மரில் அது சோதிக்கப்பட்டுவிட்டது. 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் ஜூனில் பொதுச்சபையில் 119 நாடுகள் கண்டித்தன, 36 விலகின. ஆசியான் தலைவர்களோடு ராணுவத் தளபதி ஒப்புக்கொண்ட ஐந்து அம்ச உடன்பாடு அதற்கு முன்பே கையில் இருந்தது. வன்முறையை உடனே நிறுத்துவது அதன் முதல் அம்சம். பின்னர் கிராமங்களின் மீது விமானத்திலிருந்து குண்டுகள் விழுந்தன, மிசோரமுக்கும் தாய்லாந்துக்கும் அகதிகள் வந்துகொண்டேயிருந்தார்கள். திறந்திருந்த கதவின் வழியே வந்தவர்கள் அவர்கள்தான்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு நாட்டைத் தண்டிக்கும் தீர்மானத்தில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் இருக்கட்டும். ஆனால் விவாதிக்கலாமா, விசாரிக்கலாமா, சாட்சியங்களைப் பாதுகாக்கலாமா என்ற கேள்விகளில் விலகாதீர்கள். அது பெய்ஜிங்கைப் பற்றியதானாலும் டெல் அவிவைப் பற்றியதானாலும் வாஷிங்டனைப் பற்றியதானாலும். விலகினால், ஏன் என்று உங்கள் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லுங்கள்.

பெய்ஜிங்கில் பொருளியல் கற்பித்த இல்ஹாம் தோஹ்தி, உய்குர்களும் ஹான் சீனர்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று ஓர் இணையதளம் நடத்தியவர். பிரிவினை வேண்டும் என்று கேட்டவரல்ல. 2014 செப்டம்பரில் உரும்சியின் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017க்குப் பிறகு குடும்பத்தினர் அவரைப் பார்க்க முடியவில்லை. பச்செலெட்டின் அறிக்கை இன்னும் விவாதிக்கப்படாமல் கிடக்கிறது. அதற்கான கோரிக்கை மறுபடி பேரவையின் முன் வரும். அன்றைக்குக் குறைந்தவை மூன்று வாக்குகள். இம்முறை அவற்றுள் ஒன்றாக உங்கள் நாட்டின் வாக்கு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.